அடைப்புக்குறிக்குள் ஓர் ஊர்

ஒரு காலத்தில் சேலம் மருத்துவமனைகளின் பெயர்ப் பலகையில் ஓர் அடைப்புக்குறி தொங்கும். எஃப்.ஆர்.சி.எஸ். (எடின்பரோ), எம்.ஆர்.சி.பி. (லண்டன்). நோயாளிக்குப் பட்டத்தின் விரிவு தெரியாது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஊரைப் படித்ததுமே பாதி நோய் குணமாகிவிடும். இன்று இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பிஷ்கெக்கிலும் டாவோவிலும் கசானிலும் டிபிலிசியிலும் மருத்துவம் படித்துத் திரும்புகிறார்கள். அந்த ஊர்களை யாரும் பலகையில் எழுத விரும்புவதில்லை. கல்யாண வீட்டில் "பையன் எங்கீங்க படிச்சான்?" என்று கேட்டால், தகப்பனார் "டாக்டருக்குப் படிச்சிருக்கானுங்க" என்று வினையை மட்டும் சொல்லி, இடத்தை விழுங்கிவிடுகிறார். அடுத்த கேள்வி அதைவிடக் கூர்மையானது: "பரீட்சை க்ளியர் பண்ணிட்டானுங்களா?"

அந்தப் பரீட்சையையும், அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் மற்றத் தடைகளையும் ஒரு சேரப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. அந்நிய நாட்டில் குடியேறித் தொழில் செய்ய முயலும் மருத்துவரின் இன்னல் உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் அதற்கு ஒரு விசித்திரமான வடிவம் உண்டு. இங்கே மருத்துவர் அந்நியராக நிற்கும் புதிய நாடு அவருடைய சொந்த நாடுதான்.

ஏன் இங்கிருந்து இத்தனை பேர்?

2007 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம். அந்தப் பத்தாண்டும் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டார உறைவிடப் பள்ளிகளின் பொற்காலம். தென் மாவட்டங்களிலிருந்துகூடப் பெட்டி படுக்கையோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நாமக்கல் முட்டைக்குப் பேர்போன ஊர் என்பதால் கோழிப்பண்ணைப் பள்ளிகள் என்று கேலியும் பிறந்தது. 2017இல் நீட் நுழைவுத் தேர்வு வந்ததும் ஆட்டத்தின் விதி மாறியது. பள்ளிகள் நீட் பயிற்சிக்கு மாறிக்கொண்டன. ஆனால் 'எப்படியாவது டாக்டர்' என்று வீட்டுக்குள் வேரோடிய ஆசை மாறவில்லை.

ஆசைக்குப் பின்னால் பணக் கணக்கும் இருக்கிறது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீடு ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் இருபது லட்சத்துக்கு மேல். நாலு லாரி வைத்திருப்பவர், இரண்டு போர்வெல் ரிக் வண்டி ஓட்டுபவர், ஒரு லேயர் பண்ணைக்காரர், சிறு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர் ஆகியோருக்கு முதல் கதவு மதிப்பெண்ணால் அடைபடுகிறது; மற்ற இரண்டும் பணத்தால் அடைபடுகின்றன. கிர்கிஸ்தானிலோ ரஷ்யாவிலோ இங்குள்ள நிகர்நிலைக் கல்லூரியின் ஓராண்டு, ஈராண்டுச் செலவில் மொத்தப் படிப்பும் முடிந்துவிடுகிறது. அடமானத்துக்கு ஒரு காடு இருந்தால் போதும். சேலம் புதிய பேருந்து நிலையத்தைச் சுற்றி இருக்கும் கன்சல்டன்சி பலகைகள் இந்தக் கணக்கின் மேல்தான் தொங்குகின்றன.

ஏஜென்ட் சொல்லும் கணக்கு விமானம் தரையிறங்கும் இடத்தோடு முடிந்துவிடும். திரும்பி வரும் விமானத்துக்குப் பிறகு நடப்பது எதுவும் அவருடைய துண்டறிக்கையில் இருக்காது.

முதல் தடை: முந்நூறு கேள்விகள்

சோவியத் ஒன்றியம் உடைந்தபின் தொண்ணூறுகளில் அங்கே படித்துத் திரும்பியவர்களின் தரம் பற்றிச் சந்தேகம் எழுந்தது. நுழைவுத் தகுதி இல்லாதவர்களும் போய்ப் பட்டம் வாங்கி வருகிறார்கள் என்று மருத்துவக் கவுன்சில் வாதாடியது. விளைவு, 1956ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தில் 2001இல் திருத்தம். 2002இல் தகுதிகாண் தேர்வு விதிகள். ரஷ்யாவில் படித்தவர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 மார்ச்சில் அவ்விதிகளை ஏற்றது. எஃப்.எம்.ஜி.இ. என்று எல்லோர் வாயிலும் புழங்கும் தேர்வு அப்படிப் பிறந்தது. வெளிநாட்டில் படித்தவர்களுக்கே எஃப்.எம்.ஜி. என்று பெயரும் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளில் ஏற்கப்பட்ட முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. பழைய அடைப்புக்குறிக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் அமர்வுகளாக நடக்கிறது. முந்நூறு கேள்விகள், நூற்றைம்பது சரியாக இருந்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை; எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். கேட்பதற்கு எளிமையாக இருக்கும். ஆனால் 2015 முதல் 2018 வரை எழுதிய 61,708 பேரில் தேறியவர்கள் 8,764 பேர், ஏழில் ஒருவர். 2023 ஜூனில் பத்துக்கு ஒருவர்தான். 2024 டிசம்பரில் நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்தொன்பது பேர் தேறியபோது அதையே பெரிய வெற்றியாகக் கொண்டாடினார்கள். அடுத்த ஜூனில் அது மறுபடி இருபதுக்குக் கீழே இறங்கியது.

ஏன் இப்படி? 'தகுதி இல்லாதவர்கள்' என்ற ஒற்றை விடை சோம்பேறித்தனமானது. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. 2018 முதல் வெளிநாடு செல்லவும் நீட் தகுதி கட்டாயம் என்றாலும், அந்தத் தகுதியின் உயரம் குறைவு. 2022இல் பொதுப் பிரிவினருக்கு 720க்கு 117 எடுத்தாலே போதுமாயிருந்தது. அதோடு இன்னும் இரண்டு காரணங்கள் சேர்கின்றன.

ஒன்று, மொழி. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. நோயாளி ரஷ்ய மொழியிலோ விசாயன் மொழியிலோ முனகுகிறார். மருத்துவத்தின் பாதி, நோயாளியின் வாயைக் கிளறிக் கதை கேட்பதில்தான் இருக்கிறது. "எப்ப இருந்து வலிக்குது, சாப்பிட்ட பின்னாலயா முன்னாலயா?" என்று கேட்கத் தெரியாத மாணவர் படுக்கையோரம் ஆறாண்டு நின்றாலும் பார்வையாளர்தான்.

இரண்டு, நோய்கள். தேர்வில் சமூக மருத்துவத்துக்கு மட்டும் முப்பது மதிப்பெண். இந்தியத் தடுப்பூசி அட்டவணை, காசநோய்த் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் அமைப்பு எல்லாம் அதில் வரும். ரஷ்யாவின் வோல்கா கரையில் இவற்றை யார் கற்பிப்பார்கள்? ஆத்தூர்ப் பக்கத்துக் காட்டில் கட்டுவிரியன் கடித்து வருபவரையும், மரவள்ளிக்குத் தெளித்த பூச்சிமருந்து ஏறி வாயில் நுரை தள்ளி வருபவரையும், மேற்கு மாவட்டங்களுக்கே உரிய சாணிப்பவுடர் விஷத்தையும் அங்கே எந்த வார்டிலும் பார்க்க முடியாது. அந்த அனுபவமின்மை உண்மையானது. அதைச் சோதிப்பதும் நியாயம். ஆனால் இந்தத் தேர்வு அதைச் சோதிக்கிறதா? கணினித் திரையில் நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டுக் காட்டுவதோடு அது முடிகிறது. நோயாளியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லும் பகுதி அதில் இல்லை.

இரண்டாம் தடை: நகரும் கோடு

தேர்வாவது ஓரிடத்தில் நிற்கிறது. விதிகள் நிற்பதில்லை. 2020 செப்டம்பரில் மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாகத் தேசிய மருத்துவ ஆணையம் பொறுப்பேற்றது. 2021 நவம்பர் 18 அன்று அது புதிய விதிகளை வெளியிட்டது. வெளிநாட்டுப் படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக் கூடாது. ஆங்கில வழியில் இருக்க வேண்டும். பன்னிரண்டு மாதப் பயிற்சியை அதே கல்லூரியில் முடித்திருக்க வேண்டும். அந்த நாட்டுக் குடிமகனுக்குச் சமமாக அங்கே தொழில் செய்யும் உரிமமும் பெற்றிருக்க வேண்டும். பத்தாண்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும். இங்கே வந்து இன்னொரு பன்னிரண்டு மாதம் பயிற்சி.

ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பிலிப்பைன்ஸுக்குப் போனவர் கண்ணால் பாருங்கள். அங்கே மருத்துவப் பட்டம் நான்காண்டு, அதாவது 48 மாதம். அதற்கு முன்னால் ஓர் இளநிலை அறிவியல் படிப்பு. முன்படிப்பை மருத்துவக் கணக்கில் சேர்க்க முடியாது என்றது ஆணையம். தொழில் உரிமையோ அந்நாட்டு அரசமைப்பின்படி பெரும்பாலும் குடிமக்களுக்கே உரியது. குடிமகனுக்குச் சமமான உரிமத்தை இந்திய மாணவர் எங்கே போய் வாங்குவார்? தமிழ்நாட்டிலிருந்து டாவோவுக்குப் பல்லாண்டுகளாகக் கூட்டம் கூட்டமாகப் போன பாதை ஓர் அறிவிக்கையில் மேடு பள்ளமானது. பழைய மாணவர்களுக்குப் பழைய விதி என்று விலக்கு இருந்தாலும், தேதியின் எந்தப் பக்கம் தாம் நிற்கிறோம் என்று சான்றிதழ்களோடு அலைந்தவர்கள் ஏராளம்.

பிறகு நோயும் போரும். 2020 தொடக்கத்தில் சீனாவிலிருந்து திரும்பியவர்கள் இரண்டு ஆண்டுக்கு மேல் வீட்டு மாடியில் உட்கார்ந்து கைப்பேசித் திரையில் அறுவை சிகிச்சை பார்த்தார்கள். அப்படிப் படித்தவர்களுக்குத் தற்காலிகப் பதிவு தரலாமா என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் மாணவர் பக்கம் தீர்ந்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உடல் நேரில் இல்லாத செய்முறைப் பயிற்சியைப் பயிற்சியாகக் கொள்ள முடியாது என்றது. ஆனால் இந்த மாணவர்களுக்கு ஒரு வழி வகுக்கவும் ஆணையத்துக்குக் கட்டளையிட்டது. அந்த வழி, ஓராண்டுப் பயிற்சி இரண்டாண்டு ஆவதில் முடிந்தது.

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் போர் மூண்டது. திரும்பியவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மட்டும் ஏறத்தாழ 1,900 பேர். இங்குள்ள கல்லூரிகளில் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்றது ஒன்றிய அரசு. வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாறிக்கொள்ள அனுமதித்தது. ஓராண்டுக்கு மேல் கழிந்தபின், 2023 மார்ச்சில், இறுதியாண்டை எட்டியவர்களுக்கு மட்டும் இங்கேயே தேர்வெழுத ஒரே ஒரு வாய்ப்பு தந்தது. அதைத் தாண்டினால் இரண்டாண்டுப் பயிற்சி.

குண்டு விழுந்ததற்கு மாணவரோ அரசோ பொறுப்பில்லை. ஆனால் நெருக்கடி வந்தபின் ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கைமேல் சுற்றறிக்கையாக விதி எழுதுவது, ஓட்டப்பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போது எல்லைக் கயிற்றை நகர்த்துவதற்குச் சமம்.

மூன்றாம் தடை: ஏழரை

தமிழ்நாட்டில் மருத்துவக் கல்வி பற்றிப் பேசும்போது ஏழரை சதவீதம் என்றால் ஒரு நம்பிக்கை பிறக்கும். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குச் சட்டம் தந்த உள் ஒதுக்கீடு அது. எஃப்.எம்.ஜி.க்களுக்கோ அதே எண்ணின் அர்த்தம் வேறு. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் தன் மொத்த இடங்களில் கூடுதலாக ஏழரை சதவீதம்வரைதான் அவர்களைப் பயிற்சி மருத்துவர்களாகச் சேர்க்கலாம் என்று 2022 மார்ச் மாதச் சுற்றறிக்கை வரம்பு கட்டியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1986இல் தொடங்கிய சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி நூறு இடக் கல்லூரி. 2022 ஜனவரியில் திறந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் அப்படியே. இரண்டும் சேர்ந்து பதினைந்து பேர். ஆறாண்டு படித்து, நாலைந்து அட்டெம்ப்டில் தேர்வையும் தாண்டி வந்தவர்கள் இந்தப் பதினைந்து நாற்காலிக்குக் கலந்தாய்வில் வரிசையில் நிற்கிறார்கள். தன் ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல் முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போகிறவர்கள் உண்டு. மோகன் குமாரமங்கலம் ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துத் திரும்பியவர். கல்லூரியின் பெயரிலேயே ஒரு வெளிநாட்டுப் படிப்பாளி இருக்கிறார். உள்ளே நுழைய இன்னொரு வெளிநாட்டுப் படிப்பாளி காத்திருக்கிறார்.

பணம் இன்னொரு முள். பயிற்சிக்கு அனுமதி பெறவே தமிழ்நாட்டில் முன்பு மூன்று லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. 2022இல் மாநில அரசு அதைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தது. இது பாராட்டத்தக்க மாற்றம். உள்நாட்டு ஹவுஸ் சர்ஜனுக்குத் தரும் உதவித்தொகையை இவர்களுக்கும் தர வேண்டும் என்று ஆணையமே எழுதியிருக்கிறது. ஆனால் பல மாநிலங்களில் ஒரே வார்டில், ஒரே இரவுப் பணியில், ஒருவருக்குச் சம்பளமும் மற்றவருக்கு வெறுங்கையுமாக நடந்து, அது உச்ச நீதிமன்றம்வரை போனது. இதற்கிடையில் பட்டம் உண்மையானதா என்று தூதரகம் வழியே கடிதம் போய்த் திரும்ப ஆகும் மாதங்கள் வேறு.

காத்திருப்பு அறை

தடைகளைத் தனித்தனியாக எண்ணினால் மூன்று. அனுபவிப்பவருக்கு அது ஒரே ஒரு நீண்ட காத்திருப்பு. பதினெட்டு வயதில் போனவர் இருபத்து நாலில் திரும்புகிறார். தேர்வுக்கு இரண்டு, மூன்று ஆண்டு, சென்னையிலோ டெல்லியிலோ கோச்சிங், பிறகு பயிற்சி இடம், பிறகு பயிற்சி. பதிவு எண் கைக்கு வரும்போது முப்பதைத் தொட்டிருப்பார். கூடப் படித்து பி.இ. முடித்தவருக்கு அதற்குள் இரண்டு குழந்தைகள்.

இந்த இடைவெளியில்தான் கெட்ட காரியங்கள் முளைக்கின்றன. பதிவில்லாத பட்டதாரியை இரவுப் பணிக்கு வைத்துக்கொண்டு குறைந்த சம்பளம் தரும் சிறு நர்சிங் ஹோம்கள் உண்டு. மருந்துச் சீட்டில் கையெழுத்து வேறொருவருடையது. தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி பதிவின்றித் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த இளைஞர்தான். 2022 டிசம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறை, தகுதிகாண் தேர்வில் தேறாத 73 பேர் பல மாநிலக் கவுன்சில்களில் பதிவாகியிருந்ததைப் பற்றி வழக்குப் போட்டு நாடெங்கும் சோதனை நடத்தியது. அந்தச் செய்தியால் நேர்மையாகத் தேறிய ஆயிரக்கணக்கானவர்களின் மேலும் சந்தேகத்தின் நிழல் விழுந்தது.

கண்ணாடியில் நம் முகம்

வெளிநாட்டு மருத்துவரைச் சோதிக்கும் இந்தியா ஒரு காலத்தில் சோதிக்கப்பட்ட நாடு. 1930இல் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டங்களை ஏற்க மறுத்தது. நாட்டின் தன்மானத்துக்கு அடி என்று இங்கே கொதித்தார்கள். அதன் விளைவுகளில் ஒன்று 1933ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம். 1975இல் அதே பிரிட்டிஷ் கவுன்சில் மறுபடி ஏற்பை விலக்கித் தனித் தேர்வு வைத்தது. பிளாப் என்று இன்று நம் பிள்ளைகள் எழுதும் தேர்வின் மூலம் அதுதான். அன்று நாம் சொன்ன வாதங்களைத்தான் இன்று பிஷ்கெக்கில் படித்தவர் நம்மிடம் சொல்கிறார்: "என்னைச் சோதியுங்கள், ஆனால் என் படிப்பே குப்பை என்று முன்கூட்டித் தீர்ப்பெழுதாதீர்கள்."

பிளாப் தேர்விலிருந்து கற்க ஒன்று இருக்கிறது. அதன் இரண்டாம் பகுதியில் பதினாறு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் நோயாளியாக நடிப்பவரிடம் பேச வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும், கெட்ட செய்தியை மெல்லச் சொல்ல வேண்டும். இலங்கையிலும் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தேர்வில் நோயாளிமுன் நிற்கும் பகுதி உண்டு. இந்தியாவில் எல்லோருக்கும் பொதுவாக நெக்ஸ்ட் என்ற ஒரே தேர்வு வைக்க 2019ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டமே வழி சொல்கிறது. உள்ளூரில் படித்தவரும் வெளியூரில் படித்தவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அது தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது.

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவர் பஞ்சம் இல்லை. 2025 ஜனவரியில் 2,553 உதவி மருத்துவர் இடங்களுக்கு நடந்த தேர்வுக்கு இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் மனுச் செய்தார்கள். கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் மருத்துவர் வேண்டும் என்பதற்காக வாசலை அகலத் திறந்துவிடு என்ற வாதம் இங்கே எடுபடாது. மலைக்காரருக்கு மட்டும் அரைகுறை மருத்துவர் போதும் என்பது அநியாயம். சல்லடை வேண்டும். அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

கிழங்கு ஆலை வாசலில் ஒரு பாடம்

2018 வரை வெளிநாடு போகுமுன் மருத்துவக் கவுன்சிலிடம் தகுதிச் சான்று பெற்றுப் போக வேண்டியிருந்தது. பிறகு நீட் தகுதியே அந்தச் சான்றாகக் கொள்ளப்பட்டது. எந்த வெளிநாட்டுக் கல்லூரியையும் தான் அங்கீகரிப்பதில்லை, விசாரித்துச் சேர்வது மாணவர் பொறுப்பு என்கிறது ஆணையம். ராசிபுரத்தில் இருக்கும் தறிக்காரர் தாஷ்கண்ட் கல்லூரியில் எத்தனை படுக்கை என்று யாரிடம் விசாரிப்பார்? ஏஜென்டிடம்தான்.

செய்யக்கூடியவை இருக்கின்றன, பெரிய செலவும் இல்லை. கல்லூரிவாரியாக எத்தனை பேர் எழுதி எத்தனை பேர் தேறினார்கள் என்ற பட்டியலைத் தேர்வை நடத்தும் வாரியம் 2015–18 காலத்துக்கு வெளியிட்டது. அதை ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் தமிழிலும் வெளியிடலாம். பள்ளிச் சுவரில் ஒட்டலாம். ஒரு மாணவர் புறப்படும் நாளில் இருக்கும் விதியே அவருக்குக் கடைசிவரை விதி என்று உறுதி தரலாம். மூன்றாம் ஆண்டு முடிவில் இந்தியாவிலேயே ஓர் இடைத்தேர்வு வைத்தால், தேறாதவர் மீதிப் பணத்தையும் வயதையும் காப்பாற்றிக்கொள்வார். தேறியவரை ஆத்தூர், மேட்டூர், ராசிபுரம், திருச்செங்கோடு அரசு மருத்துவமனைகளில் மூத்த மருத்துவர் மேற்பார்வையில் பயிற்சிக்கு வைக்கலாம். பாம்புக்கடியும் பூச்சிமருந்தும் பிரசவமும் வந்து இறங்கும் இடங்கள் அவைதான். வோல்கா கரையில் விட்டுப்போன பாடத்தை அங்கே ஓராண்டில் கற்றுவிடலாம்.

இந்தப் பக்கத்தில் மரவள்ளி விற்றவர்களுக்கு ஒரு வழக்கம் தெரியும். கிழங்கு லோடு சேகோ ஆலை வாசலில் வந்து நின்றதும் மாவுச்சத்தை அளந்து பாயிண்ட் சொல்லிவிடுவார்கள். பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று விலை. அரைத்து, தெளியவைத்து, உருட்டி, வறுத்து, மூட்டை கட்டியபின் "சத்து போதலை, எடுத்துட்டுப் போங்க" என்று எந்த ஆலைக்காரரும் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் அடுத்த லோடு வராது. மருத்துவக் கல்வியில் மட்டும் அடுத்த லோடு வந்துகொண்டே இருக்கிறது. புதிய பேருந்து நிலையத்துப் பலகைகளில் இந்த ஆண்டு நாடுகளின் பெயர்கள்தான் மாறியிருக்கின்றன.